சமூக ஊடகத் தடையும் தரவுப் பொறியாளர் பணியும்

நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றைக் காக்கும் பொருட்டு இணையத் தளங்களையும் செயலிகளையும் தடை செய்யும் அதிகாரம் இன்று பல நாட்டு அரசுகளிடம் உள்ளது. இந்தியாவில் இவ்வதிகாரம் பரந்த அளவில் பயன்படுத்தப்பட்ட ஆண்டு 2020. கல்வான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மோதலுக்கு இரு வாரங்களுக்குப் பின்னர், ஜூன் 29ஆம் நாள், 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. ஜூலை இறுதியில் 47, செப்டம்பர் 2ஆம் நாள் 118, நவம்பர் 24ஆம் நாள் 43 என மேலும் பல சேர்ந்தன. ஆக, ஐந்தே மாதங்களில் 267 செயலிகள். அவற்றுள் சமூக ஊடகம் என்ற முறையில் முதலிடம் பெற்றது டிக்டாக். சுமார் 20 கோடி இந்தியர் அதனைப் பயன்படுத்தி வந்தனர் எனக் கணக்கிடப்பட்டிருந்தது. அதே நிறுவனத்தின் ஹெலோ செயலியும் அன்றே தடைக்குள்ளாயிற்று.

இத்தடை பாதுகாப்பு நோக்கிலும், அயலுறவு நோக்கிலும், வருவாய் இழந்த காணொளிக் கலைஞர்களின் நோக்கிலும் பெரிதும் விவாதிக்கப்பட்டது. ஆயினும், இத்தகைய தளங்களின் அடித்தளத்தில் பணிபுரியும் தரவுப் பொறியாளருக்குத் தடை எத்தகைய விளைவுகளை உண்டாக்குகிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. தடை ஆணை மக்கள் ஒரு செயலியை அணுகுவதை நிறுத்துகிறது. அதுவரை அச்செயலி திரட்டிய தரவு அன்றிரவே மறைந்துவிடுவதில்லை. ஆணை முடியும் இடத்திற்கும் தரவு கிடக்கும் இடத்திற்கும் நடுவே உள்ள வெளியில்தான் தரவுப் பொறியாளரின் பணி தொடங்குகிறது. நிர்வாகத் துறையினரும் மாணவரும் இதனை அறிந்துகொள்வது தேவையாகிறது.

தரவுப் பொறியாளரின் பணி

ஒரு பயனர் காணொளியைத் தொடுகிறார், பாதியில் நகர்த்திவிடுகிறார், வேறொன்றை இருமுறை பார்க்கிறார். இச்செயல் ஒவ்வொன்றும் ஒரு சிறு பதிவாகச் சர்வருக்குச் செல்கிறது. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் வரும் இப்பதிவுகளைப் பெற்று, பிழை களைந்து, நாள், மொழி, இடம் என வகைப்படுத்தி, ஆய்வாளரும் கணினி நிரல்களும் பயன்படுத்தத்தக்க நிலையில் சேமித்து வைப்பவரே தரவுப் பொறியாளர். பாசனத் துறையோடு ஒப்பிட்டால், பயிரிடுபவர் அவரல்லர். மதகையும் வாய்க்காலையும் பராமரிப்பவர். நீர் தடையின்றி வரும்வரை அவர் இருப்பதே பிறருக்குத் தெரியாது. இவ்வாய்க்கால்களைத் தொழிலில் டேட்டா பைப்லைன் என்று அழைக்கின்றனர்.

இப்பொறியாளர் அனைவரும் சமூக ஊடக நிறுவனத்திலேயே பணிபுரிபவர் என்று எண்ணுதல் தவறு. விளம்பர முகமைகள், நுகர்பொருள் நிறுவனங்கள், செய்தி நிறுவனங்கள், ஆராய்ச்சிக் கூடங்கள் எனப் பல இடங்களில் சமூக ஊடகத் தரவைப் பெற்றுத் தொகுப்போர் உள்ளனர். தடையின் நேரடி அடி முதல் வகையினர் மீது விழுகிறது. மறைமுக அடி இரண்டாம் வகையினர் மீது விழுகிறது. இவர்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் கிடைப்பதில்லை.

தடையின் சட்ட வடிவம்

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 69ஏ பிரிவே தடைக்கு அடிப்படை. அதன் கீழ் 2009இல் வகுக்கப்பட்ட விதிகள் நடைமுறையை விளக்குகின்றன. சாதாரண நிலையில் சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்பு அனுப்பி, குழு ஒன்று பரிசீலித்த பின்னரே தடை விதிக்கப்படும். அவசர நிலையில் ஆணையை முன்னரே பிறப்பித்து, 48 மணி நேரத்திற்குள் குழுவின் முன் வைக்கலாம். ஆணைக்குக் கீழ்ப்படியாத இடைநிலை நிறுவனத்தாருக்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்க இடமுண்டு. 2015 மார்ச் 24ஆம் நாள் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவைச் செல்லாதென அறிவித்த உச்ச நீதிமன்றம், 69ஏ பிரிவை நிலைநிறுத்தியது.

பொறியாளர் நோக்கில் இவ்விதிகளில் முக்கியமானது இரகசியம் காத்தல் பற்றிய 16ஆம் விதி. ஆணையின் முழு வாசகம் பொதுமக்களுக்குக் கிட்டுவதில்லை. பத்திரிகைச் செய்திக் குறிப்பே கிட்டுகிறது. அக்குறிப்பில் செயலியின் பெயர் இருக்கும். அச்செயலியின் நிறுவனம் வழங்கிய மென்பொருள் தொகுதி ஒன்று வேறொரு இந்தியச் செயலியினுள் பதிக்கப்பட்டிருப்பின், அதனையும் நீக்க வேண்டுமா? பழைய விளம்பரக் கணக்கு அறிக்கைகளை அந்நிறுவனத்தின் சர்வரிலிருந்து இன்னும் பெற்றுக்கொள்ளலாமா? இவற்றிற்கு விடை குறிப்பில் இராது. ஏழாண்டுச் சிறை என்ற சொல் அருகில் இருக்கும்போது, நிறுவனங்கள் ஐயத்திற்கு இடமின்றி அனைத்தையும் துண்டித்துவிடுவது இயல்பே. துண்டிக்கும் பணியை ஓரிரவில் செய்பவர் தரவுப் பொறியாளர்.

இருவகைத் தடைகள்

தடைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்றாகும். 2019 ஏப்ரல் 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் செயலியைப் பதிவிறக்குவதைத் தடுக்குமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஏப்ரல் நடுப்பகுதியில் கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்து செயலி நீக்கப்பட்டது. ஏப்ரல் 24ஆம் நாள் ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. இவ்விடைக்காலத்தில் புதிய பயனர் வரவு நின்றதே தவிர, ஏற்கெனவே செயலியை வைத்திருந்தோர் வழக்கம் போல் பயன்படுத்தினர். தரவுப் பதிவேட்டில் புதியோர் எண்ணிக்கை மட்டும் வீழ்ந்து, பயன்பாட்டு எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருக்கும். இது பதிவிறக்கத் தடை.

2020 ஜூன் தடை வேறு வகை. செயலி கடைகளிலிருந்து மறைந்ததோடு, இணைய சேவை நிறுவனங்கள் வழியாக அணுகலும் அடைக்கப்பட்டது. பதிவுகளின் ஓட்டம் முழுவதும் நின்றது. இது அணுகல் தடை. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் இவ்விரு வகைகளும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. ஜனவரி 18ஆம் நாள் இரவு டிக்டாக் சேவையே நின்றது, மறுநாள் மீண்டது. ஆனால் பதிவிறக்கக் கடைகளில் பிப்ரவரி 13 வரை அது இடம்பெறவில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் இம்மூன்று நிகழ்ச்சிகளின் எண்களையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடும் ஆய்வாளர் தவறான முடிவுக்கே வருவார்.

பூச்சியமும் இன்மையும்

தடையால் எழும் தொழில்நுட்பச் சிக்கல்களில் மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இதுவே. ஓட்டம் நின்ற நாளில் பதிவேட்டில் என்ன எழுதுவது? பூச்சியம் எனலாம். அல்லது அவ்விடத்தை வெறுமையாக விடலாம். தரவுத்தள மொழியில் இதனை 'நல்' என்பர். (தமிழின் 'நல்ல' என்பதோடு இதற்கு உறவில்லை, இன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இது.)

எளிய கணக்கு ஒன்றைக் காண்போம். ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தை டிக்டாக்கில் நாள்தோறும் 70 லட்சம் பேர் பார்த்து வந்ததாகக் கொள்வோம். நிறுவனம் ஏழு நாள் சராசரியை வைத்து அடுத்த வாரத்தை மதிப்பிடுகிறது. தடை வந்தபின் ஒவ்வொரு நாளும் பூச்சியம் என எழுதினால், சராசரி முதல் நாள் 60 லட்சமாகவும், இரண்டாம் நாள் 50 லட்சமாகவும் படிப்படியாகக் குறைந்து ஏழாம் நாள் பூச்சியத்தை அடையும். இதைப் படிக்கும் கணினி நிரல், மக்கள் ஒரு வார காலத்தில் மெல்ல மெல்ல ஆர்வம் இழந்தனர் என்று கொள்ளும். வெறுமையாக விட்டால் நிரல் கிடைத்த நாட்களுக்கு மட்டும் சராசரி காணும். ஆறு நாள் வரை 70 லட்சம் என்றே காட்டி, ஏழாம் நாள் திடீரென ஒன்றும் இல்லாமற்போகும். முன்னது இல்லாத சரிவைக் காட்டுகிறது. பின்னது இல்லாத மக்களைக் காட்டுகிறது.

நடந்ததோ ஒரே நாள் இரவில் ஏற்பட்ட துண்டிப்பு. அதற்குக் காரணம் மக்களின் விருப்பம் அன்று, அரசாணை. எனவே தேர்ந்த பொறியாளர் எண்ணுக்கு அருகில் நிலை குறிக்கும் தனிப் பத்தி ஒன்றை ஏற்படுத்தி, இன்ன நாள் முதல் இன்ன ஆணையால் தரவு இல்லை என்று பதிந்து வைக்கிறார். சிறிய செயலாகத் தோன்றினும், ஐந்தாண்டு கழித்து அப்பதிவேட்டைத் திறக்கும் ஒருவருக்கு உண்மையை உணர்த்துவது அப்பத்தி ஒன்றே.

2020இல் இச்சிக்கலோடு இன்னொன்றும் சேர்ந்தது. மார்ச் 25ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கால் மக்கள் வீட்டிலிருந்தனர். கைபேசிப் பயன்பாடு பெருகியது. மூன்று மாதம் கழித்துத் தடை. ஜூலை 8ஆம் நாள் இன்ஸ்டாகிராம் தனது ரீல்ஸ் வசதியை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. அதன் வளர்ச்சியில் ஊரடங்கின் பங்கு எவ்வளவு, தடையால் இடம்பெயர்ந்தோரின் பங்கு எவ்வளவு, வசதியின் சிறப்பு எவ்வளவு என்று பிரித்தறிதல் அரிது. மேலும், வி.பி.என். வழியாகத் தடையைக் கடந்து செல்வோர் வேறு நாட்டுப் பயனராகப் பதிவாவதால், இடம் பற்றிய புள்ளிவிவரமும் நம்பகம் இழக்கிறது. 2019ஐயும் 2021ஐயும் நேராக ஒப்பிட்டு இந்திய இணையப் பழக்கம் பற்றி எழுதப்படும் அறிக்கைகளை அலுவலர் சற்று ஐயத்துடன் நோக்குவது நலம்.

வரவு பெருகியவர் நிலை

ஒரு மதகு அடைபட்டால் நீர் வேறு வாய்க்கால்களில் பெருகும். பெங்களூரைச் சேர்ந்த ஷேர்சாட் நிறுவனம், தடை வந்த ஓரிரு நாட்களில் மணிக்கு 5 லட்சம் என்ற வேகத்தில் தனது செயலி பதிவிறக்கப்படுவதாகவும், மொத்தம் 1.5 கோடிப் பதிவிறக்கங்கள் நிகழ்ந்ததாகவும் அறிவித்தது. அதன் குறுங்காணொளிச் செயலியான மோஜ் அவ்வாரமே வெளிவந்து, செப்டம்பருக்குள் 8 கோடி மாதாந்திரப் பயனரை எட்டியதாக நிறுவனம் தெரிவித்தது. ஜோஷ், எம்.எக்ஸ். டகாடக் முதலியனவும் ஜூலையில் தோன்றின.

இந்நிறுவனங்களின் பொறியாளருக்குத் தடை வாய்ப்பாக அமைந்தது. ஆனால் எளிய வாய்ப்பன்று. ஓராண்டு வளர்ச்சியைக் கருதி அமைக்கப்பட்ட பைப்லைன்கள் ஒரு வாரத்தில் நிரம்பும்போது, பதிவுகள் தாமதமாக வந்து சேரும். சில இருமுறை பதிவாகும். மொழிவாரியாகப் பிரித்த சேமிப்பில் ஒரு மொழியின் பகுதி மட்டும் நிரம்பி வழிய, மற்றவை காலியாகக் கிடக்கும். புதிய பயனருக்கு எந்தக் காணொளியைக் காட்டுவது என்று தீர்மானிக்க அவரது பழைய நடத்தை பற்றிய தரவு வேண்டும். அத்தரவோ தடைபட்ட நிறுவனத்திடம் உள்ளது. ஆகவே சுவையறியாது விருந்து பரிமாறும் நிலை. பின்னர் 2022 பிப்ரவரியில் ஷேர்சாட் நிறுவனம் டகாடக்கை வாங்கியபோது இன்னொரு வினா எழுந்தது: இரு செயலிகளிலும் கணக்கு வைத்திருந்த ஒருவரை ஒருவராக எண்ணுவதா, இருவராக எண்ணுவதா?

இப்பெருக்கு நிலைத்ததா என்பதும் கருதத்தக்கது. 2023 ஜனவரியில் ஷேர்சாட் தனது ஊழியரில் சுமார் 20 விழுக்காட்டினரைக் குறைத்தது. தடையால் பெற்ற சந்தையைப் பின்னர் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்களின் தளங்களே பிடித்தன.

வேலைவாய்ப்பு

2019 வழக்கின்போதே, தடை தொடர்ந்தால் 250க்கு மேற்பட்ட வேலைகள் ஆபத்துக்குள்ளாகும் என்று பைட்டான்ஸ் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் கூறியது. 2020 தடையின்போது அந்நிறுவனத்தில் இந்தியாவில் 2,000க்கு மேற்பட்டோர் இருந்தனர். தடை நீங்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பில் ஏழு மாதம் கழிந்தது. 2021 ஜனவரியில் தடை நிரந்தரமாக்கப்பட்டதும் பெரும் ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது. பிற நாட்டுச் சந்தைகளுக்காகப் பணிபுரிந்த எஞ்சிய 40 பேரளவிலானோரும் 2023 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டனர்.

இவர்களுள் தரவுப் பொறியாளரின் நிலை மிக மோசமானதென்று கூற இயலாது. எஸ்.க்யூ.எல்., ஸ்பார்க், காஃப்கா முதலிய கருவிகளில் பெற்ற தேர்ச்சி வங்கிக்கும், மருத்துவமனைக்கும், மின் வணிகத்திற்கும் பொருந்தும். காணொளிகளைப் பார்த்துத் தகாதனவற்றை நீக்கிய மொழிப் பணியாளருக்கு அத்தகைய மாற்றிடம் எளிதில் அமைவதில்லை. ஆனால் பொறியாளர் இழப்பது ஒன்றுண்டு. ஒரு மொழியின் பயனர் எவ்வேளையில் மிகுதி, எந்தக் கைபேசி தவறான நேரத்தைப் பதிகிறது, எந்த எண் நம்பத்தக்கதன்று என்பன போன்ற அறிவு அந்தப் பைப்லைனோடு பிணைந்தது. அது பைப்லைனோடு போய்விடும். நிரல்கள் எல்லை கடப்பதற்கும் இப்போது தடைகள் உள்ளன. 2020 ஆகஸ்ட் இறுதியில் சீன அரசு, தரவு ஆய்வின் அடிப்படையில் தனிநபருக்கேற்பத் தகவலைப் பரிந்துரைக்கும் தொழில்நுட்பத்தை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு நாடு செயலி உள்ளே வருவதைத் தடுக்க, மற்றொரு நாடு அச்செயலியின் மூளை வெளியே செல்வதைத் தடுத்தது.

எஞ்சி நிற்கும் தரவு

2020 ஜூன் 29ஆம் நாள் வெளியான அரசு அறிக்கை, பயனரின் தரவு அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே உள்ள சர்வர்களுக்கு அனுப்பப்படுவதாக வந்த புகார்களைத் தடைக்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. ஆனால் அதுவரை வெளியே சென்ற தரவு என்னாகும் என்று அவ்வறிக்கை கூறவில்லை. இந்தியப் பயனரின் தரவு சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் சேமிக்கப்படுவதாக நிறுவனம் 2019இலேயே தெரிவித்திருந்தது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபோர்ப்ஸ் இதழ், தடைக்கு முன் சேர்ந்த இந்தியரின் தரவை நிறுவன ஊழியர் இன்னும் காண முடிகிறது என்று செய்தி வெளியிட்டது. தான் இந்திய அரசின் ஆணைக்கு முழுவதும் இணங்கி நடப்பதாகவும், தரவை அணுகுதல், வைத்திருத்தல், அழித்தல் பற்றித் தன்னிடம் உள்விதிகள் உள்ளதாகவும் நிறுவனம் பதிலளித்தது. இரு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். ஆணை அணுகலைப் பற்றியதே, சேமிப்பைப் பற்றியதன்று.

பொறியாளர் முன் இங்கு இரு கட்டளைகள் எதிரெதிரே நிற்கின்றன. விசாரணை நடைபெறக்கூடும் என்பதால் எதையும் அழிக்கலாகாது. பயன்படுத்தும் நோக்கம் முடிந்துவிட்டதால் வைத்திருக்கவும் கூடாது. எதைச் செய்யச் சொல்லியும் எவரும் எழுதித் தராத நிலையில், அழிக்காமல் விடுவதே பாதுகாப்பானதாகத் தோன்றும். 20 கோடிப் பேரின் பதிவுகள் இவ்வாறே ஆண்டுக்கணக்கில் கிடக்க நேரிடுகிறது.

அமெரிக்கா 2024 ஏப்ரலில் இயற்றிய சட்டம் இவ்வகையில் ஒரு படி முன்னே சென்றது. தடை நடைமுறைக்கு வருமுன், பயனர் கேட்டால் அவரது பதிவுகள், படங்கள், காணொளிகள் உள்ளிட்ட கணக்குத் தரவு முழுவதையும் கணினியால் படிக்கத்தக்க வடிவில் தர வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பொறியாளருக்கு இது செய்து முடிக்கத்தக்க, நாள் குறிக்கப்பட்ட ஒரு பணி. 2020இல் பல்லாயிரம் காணொளிகளை உருவாக்கிய இந்தியக் கிராமக் கலைஞருக்கு இத்தகைய உரிமை எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

இந்தியாவில் இப்போது 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. 2 கோடிக்குக் குறையாத பயனரைக் கொண்ட சமூக ஊடகம், பயனர் கடைசியாக அணுகிய நாள் அல்லது விதிகள் தொடங்கிய நாள், இவற்றுள் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்றாண்டு கழிந்தால் அவரது தரவை அழிக்க வேண்டும். அழிப்பதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னர் அவருக்கு அறிவிக்கவும் வேண்டும். மேலும் 37ஆம் பிரிவு, மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட நிறுவனத்தின் தளத்தை அடைக்கும் அதிகாரத்தையும் அரசுக்கு அளிக்கிறது. தரவு பற்றிய சட்டமும் தடை பற்றிய சட்டமும் ஒரே நூலில் இடம்பெற்றுள்ளன.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, வெளிநாட்டில் கையாளப்படும் தரவுக்கு அது பொருந்த வேண்டுமாயின், இந்தியாவிலுள்ளோருக்குப் பொருளோ சேவையோ வழங்குவதோடு அக்கையாளுதல் தொடர்புடையதாயிருக்க வேண்டும் என்கிறது. தடை செய்யப்பட்ட செயலி இந்தியருக்குச் சேவை வழங்குவதில்லை. வழங்கக் கூடாது என்பதே தடை. அவ்வாறாயின், தடைக்கு முன் திரண்டு சிங்கப்பூரில் கிடக்கும் தரவை அழிக்குமாறு இச்சட்டத்தின் கீழ் கட்டளையிட இயலுமா? இதற்கான விடை, சட்ட வல்லுநர் பிரிவுக்குத் தரும் விளக்கத்தையோ, அல்லது அடுத்த தடை ஆணையிலேயே சேமித்த தரவுக்கென ஒரு பத்தி சேர்க்கப்படுவதையோ பொறுத்தது.